இன்னும் இரண்டடி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போகப் போக எனக்குத் தைரியம் குறைந்துவிடும். இது எங்கள் ஊர் வாய்க்காலிலிருந்து வந்தது. பாபநாசத்திலிருந்து மினி பஸ்ஸில் இருபது நிமிடம். போன மே மாதம், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து பொக்லைன் வைத்து அதைத் தூர்வாரினோம். சிங்கப்பூர், துபாய், நியூஜெர்சி என்று திசைக்கொருவராக இருக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் நூற்று நாற்பத்து மூன்று பேர். என்னைப் போல வேலையை விட்டுத் திரும்பி வந்தவர்கள் நான்கு பேர். பிறந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் உண்மையிலேயே ஆசை. அதைக் கேலி செய்ய நான் இதை எழுதவில்லை.

தூர்வாரிய வாய்க்காலில் இப்போது தண்ணீர் ஓடுகிறது. அம்சத்தின் வயலுக்கு மட்டும் ஏறவில்லை.

அம்சம் மேட்டு வயலில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர்கள். பக்கத்து போர்செட் தண்ணீரை வாங்கி நாற்று வளர்த்துவிட்டார். ஒன்பது மாவையும் சேறாக்கி நடுவதற்கு அந்தத் தண்ணீர் காணாது. நாற்றுக்கு இன்றோடு முப்பத்தெட்டு நாள், இனியும் தாமதித்தால் முற்றிவிடும். வாய்க்காலில் ஆறு நாள் தண்ணீர், ஆறு நாள் அடைப்பு என்று முறை. திங்கட்கிழமை காலையில் அடைக்கிறார்கள். இன்று புரட்டாசி சனிக்கிழமை, மணி பத்து. நாளைக்கு, வாய்க்காலை ஊருக்கு அர்ப்பணிக்கும் விழா.

(இந்த அடைப்புக்குறி பிற்பாடு சேர்த்தது. இதை முதலில் படிக்கப்போவது அந்த நூற்று நாற்பத்து மூன்று பேர்தான். மற்ற வாசகர்கள் கரையோரமாக நின்று கேளுங்கள்.)

2

தொடக்கம் ஒன்று: "இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு சொந்த மண்ணில் கால் வைத்தபோது செழியனின் கண்கள்

வேண்டாம். கண்கள் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். ஊர் திரும்பியவனுக்கு முதல் வாரத்தில் வருவது கண்ணீர் இல்லை, வயிற்றுப்போக்கு.

தொடக்கம் இரண்டு: "காவிரி

ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டேன். இதில் ஏறினால் மூன்று பக்கம் பெருமை பேசாமல் இறங்க முடியாது. அம்சத்தின் நாற்று அதுவரை பொறுக்காது.

தொடக்கம் மூன்று: "பொக்லைன் டிரைவர் நௌஷாத் இன்ஜினை நிறுத்தினார்."

இது தேவலை. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

3

பொக்லைன் டிரைவர் நௌஷாத் இன்ஜினை நிறுத்தினார். கூத்தாநல்லூர்க்காரர், பதினைந்து வருடமாக இந்த வட்டாரத்து வாய்க்கால்களில் வேலை செய்பவர். கரையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்த செழியனைப் பார்த்துச் சொன்னார்.

"சார், மதகோட அடிக்கல்லு தெரிஞ்சிருச்சு. இதுக்குக் கீழ போகக் கூடாது."

"ஏன், பாறையா?"

"பாறை இல்ல சார், மட்டம். இதுக்குக் கீழ வெட்டினா தண்ணி அடியிலயே ஓடிரும். மதகு வழியா மேட்டு வயலுக்கு ஏறாது."

செழியன் படமெடுப்பதை நிறுத்தாமலே கைப்பேசித் திரையைப் பார்த்தான். காலையில் குழுவுக்கு அனுப்பிய வீடியோவுக்குக் கட்டைவிரல்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. 'சூப்பர்', 'வாய்க்கால்னா இதான்யா', 'இன்னும் ஆழமாப் போகட்டும்' என்று ஆளுக்கொரு வரி. ஆழம் வீடியோவில் நன்றாகத் தெரியும். மட்டம் தெரியாது.

"இன்னும் ரெண்டடி போங்க" என்றான் செழியன்.

"சொல்றது நீங்க. அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது" என்று நௌஷாத் இன்ஜினைக் கிளப்பினார்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. இப்படித் தண்ணீர் ஏறாத இடத்தில் என்ன செய்வது என்று டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். வாய்க்காலின் குறுக்கே மூங்கில் குச்சிகளை அடித்து, வைக்கோலும் சேறும் வைத்து அடைப்பார்கள். பின்னால் தண்ணீர் உயர்ந்து மதகில் ஏறும், மிச்சம் மேலே வழிந்து கீழ்மடைக்குப் போகும். இதற்குக் கொரம்பு என்று பெயர். நாலு ஆளுக்கு அரை நாள் வேலை. புதன்கிழமை அம்சம் தன் தெரு ஆட்களோடு போய்க் குச்சி அடித்தார். குழுத் தலைவர் சிங்காரவேலுவின் ஆட்கள் வந்து பிடுங்கிப் போட்டார்கள். குழுவின் அனுமதி இல்லாமல் வாய்க்காலில் எதையும் போடக் கூடாது என்று தீர்மானம் இருக்கிறதாம். வாய்க்கால் ஏன் இவ்வளவு ஆழமாகிவிட்டது என்று கேட்டவர்களுக்கும் சிங்காரவேலு ஒரு பதில் வைத்திருக்கிறார்: "அந்தத் தெரு ஆளுங்க மண்ணு அள்ளிட்டாங்க." தீர்மானத்தை எழுதிக் கொடுத்தது யார் என்று இந்த இடத்தில் சொல்ல வேண்டுமா? வேண்டும். கொஞ்சம் பொறுங்கள்.]

4

செழியன் மேல் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. விவரம் தெரிந்த ஒருவர் வேண்டாம் என்று சொல்லியும் இவன் ஏன் இரண்டடி போகச் சொன்னான்? ஒரு பின்கதை எழுதிப் பார்த்தேன். கூலி வேலை செய்தவர்களின் மகன், சிங்கப்பூரில் படாதபாடு பட்டு முன்னேறியவன், ஊர் தன்னை ஒருமுறையாவது நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று ஏங்குகிறவன். எழுதியதும் எனக்கே நிம்மதியாக இருந்தது. வாசகருக்கு அவன் மேல் இரக்கம் வரும். இரக்கம் வந்தால் மன்னித்துவிடுவார்.

பன்னிரண்டு மணிக்கு அம்சம் வந்தார். 'உங்க பிரச்சனையைக் கதையா எழுதுறேன்' என்று நேற்று நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். நாற்காலியைக் காட்டினேன், உட்கார்ந்தார். சின்ன வயதில் அவரை நான் பேர் சொல்லி 'வா, போ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். சிங்கப்பூர் போய்த் திரும்பிய பிறகு 'அக்கா' என்கிறேன். அவர் இரண்டையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

எழுதியவரைக்கும் படித்துக் காட்டினேன். கடைசிக்கென்று எழுதி வைத்திருந்த ஒரு பத்தியையும் படித்தேன். அதில் அம்சம் முற்றிப்போன நாற்றை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுகிறார்.

"ஏன் தம்பி, நான் அழுவுறேனா?"

"அது ஒரு முடிவுக்கா. படிக்கிறவங்க மனசைத் தொடும்."

"தொட்டா எனக்கு என்ன? எனக்குத் தையில அறுப்பு வேணும்."

அவர் என் கையில் இருந்த தாளைக் காட்டினார்.

"அந்தச் செழியன் யாருங்க?"

"சும்மா, கதைக்காக வச்ச பேருக்கா."

"செழியன், பரிதி, செம்மொழி எல்லாம் எங்க தெருப் பேருங்க தம்பி. உங்க தெருவுல ஒரு பேரும் கிடைக்கலியா?"

எனக்குக் காது சுட்டது.

"அன்னிக்கு நான் எதிர்க்கரையில மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்தேன். பொக்லைன்காரர் நிறுத்தினதையும் பாத்தேன், ஃபோன வச்சுக்கிட்டு நின்னது யாருன்னும் பாத்தேன். மண்ண அள்ளினது நாங்கன்னு சிங்காரவேலு சொல்றாரு. தோண்டச் சொன்னது செழியன்னு நீங்க எழுதுறீங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், நீங்களே சொல்லுங்க."

"புதன்கிழமையே நீங்க சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். யாரு கேட்டா? என் மவன் பரிதி சிங்கப்பூர்ல டிரைலர் ஓட்டுறான், அவனும் உங்க குழுவுல இருக்கான். அவன்கிட்டயே கேட்டேன். 'எல்லாரும் கட்டைவிரல் போட்டாங்கம்மா, நானும் போட்டேன்'ங்கிறான். நான் சொன்னா பேச்சு. நீங்க சொன்னாத்தான் சாட்சி."

எழுந்து வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார்.

"நாலு மணிக்கு மறுபடியும் குச்சி அடிக்கப் போறோம். பிடுங்க வருவாங்க. கதையில நீங்க என்ன வேணா எழுதிக்குங்க. அங்க வந்து, 'நாந்தான் சொன்னேன்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

5

திருத்தம். மூன்றாம் பகுதியில் 'செழியன்' என்று வரும் இடத்திலெல்லாம் 'ராஜ்குமார்' என்று படித்துக்கொள்ளுங்கள். அது என் பெயர். நானே மாற்றி எழுதியிருக்கலாம். ஆனால் முதலில் என் கை எந்தப் பெயரைத் தேடிப் போனது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

தீர்மானத்தை எழுதியதும் நான்தான். நல்ல தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள், தந்தேன். நாளைக்குத் திறக்கப்போகும் கல்வெட்டில் என் பெயர் மூன்றாவதாக இருக்கிறது. மே மாதம் பத்தொன்பதாம் தேதி, நௌஷாத் இன்ஜினை நிறுத்தியபோது நான் எடுத்துக்கொண்டிருந்த வீடியோ இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. நாற்பத்தோரு விநாடி. நௌஷாத் சொல்வதும் கேட்கிறது, என் குரலும் கேட்கிறது. அதைக் குழுவில் போடவில்லை. அழிக்கவும் இல்லை. வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

6

மூன்று மணிக்குச் சிங்காரவேலு ஃபோனில் கூப்பிட்டார். என் பெரியப்பா மகன். நியூஜெர்சியில் இருபத்தெட்டு வருடம் இருந்துவிட்டு எல்லாவற்றையும் விற்றுக்கொண்டு ஊருக்கு வந்தவர். அவரை வில்லனாக்குவது எனக்குச் சுலபம். அப்படி எழுதினால் அதுவும் இன்னொரு செழியன் வேலையாகிவிடும்.

"கதை எழுதுறியாமே, ராஜ்குமாரு?"

"ஆமாண்ணே."

"எழுது. அந்த மே மாசத்து வீடியோவ அழிச்சிட்டேல்ல?"

அப்படியொரு வீடியோ இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இருக்குண்ணே."

அவருக்குப் பின்னால் பந்தல் போடுகிறவர்கள் கம்பை இறக்கும் சத்தம் கேட்டது.

"நான் கெட்டவன் இல்லடா. நம்ம தப்புதான்னு ஒருதடவ ஒத்துக்கிட்டோம்னு வை, அடுத்து ஆஸ்பத்திரிக்குப் பணம்னு கேட்டா எவன் தருவான்? நூத்துநாப்பது பேரோட நம்பிக்கை. ஒரு மேட்டு வயலுக்காக அத உடைக்கச் சொல்றியா? விழா முடியட்டும். ட்ரோன் வச்சுப் படம் எடுக்கிறாங்க, புது வாய்க்கால்ல வைக்கோலும் சேறுமாக் கிடந்தா நல்லாவா இருக்கும்? ரெண்டு வாரத்துல மழை வந்துரும்."

"ரெண்டு வாரத்துல நாத்து கணு விட்டுரும்ணே. அப்புறம் நட்டாலும் விளையாது."

"நாத்து வயசெல்லாம் உனக்கு எப்பேர்ந்து தெரியும்?"

"இன்னிக்குத்தான் தெரியும்."

"நாலு மணிக்கு ஆள் அனுப்புறேன். நீ வீட்லயே இரு" என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. குழு உடைந்தால் உடைந்ததுதான். பெரியப்பா வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

7

முடிவு அ: விழா மேடையில் ராஜ்குமார் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்கிறான். கூட்டம் கை தட்டுகிறது, சிங்காரவேலு ஓடி வந்து கட்டிக்கொள்கிறார். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. தவிர விழா நாளைக்குப் பதினொரு மணிக்கு. அதற்குப் பிறகு கொரம்பு வைத்தால், தண்ணீர் உயர்ந்து ஒன்பது மாவும் நனைவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும்.

முடிவு ஆ: இன்றைக்கே மழை பெய்கிறது. எழுதுகிறவன் நினைத்தால் பெய்யும்தான். எழுதிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்துகிறது.

முடிவு இ: குழு தவறை ஒப்புக்கொண்டு, வாய்க்காலின் அடியில், மதகைத் தாண்டி, கொரம்பைப் போலத் தண்ணீரை உயர்த்தும் குறுக்குச்சுவர் ஒன்றைக் கட்டித் தருகிறது. இந்த முறை நௌஷாத்தையும் அம்சத்தையும் கேட்டுவிட்டுக் கட்டுகிறது. இது நடக்க வேண்டியதுதான். ஆனால் கோடையில்தான் கட்ட முடியும், இந்த நாற்றுக்கு உதவாது.

முடிவு ஈ: நான்கு மணிக்கு ராஜ்குமார் வாய்க்கால் கரைக்குப் போனான். குச்சியைப் பிடுங்க வந்தவர்களுக்கு முன்னால் நின்று,

இதற்கு மேல் எழுத மாட்டேன். எழுதிவிட்டால், போய் வந்த மாதிரி எனக்குத் திருப்தி வந்துவிடும். இத்தனை வருடம் எழுதியவன், என்னை எனக்குத் தெரியும்.

மணி மூன்று ஐம்பத்தைந்து. வாய்க்கால் பக்கமிருந்து குச்சி அடிக்கிற சத்தம் கேட்கிறது. ஐந்து நிமிடம் முன்னாலேயே தொடங்கிவிட்டார்கள். தெருமுனையில் இரண்டு பைக்குகள் கிளம்புகின்றன.

இந்தக் கதையைக் குழுவில் போடுகிறேன். அதன் கீழேயே அந்த நாற்பத்தோரு விநாடியையும் போட்டுவிட்டேன் என்று இங்கே எழுதுவது சுலபம். போட்டேனா என்பது நீங்கள் கீழே பார்த்தால்தான் தெரியும். இருந்தால், கடைசியில் கேட்கும் குரல் யாருடையது என்று சொல்லுங்கள். இல்லையென்றால் ராஜ்குமார் வீட்டிலேயே இருந்துவிட்டான் என்று வைத்துக்கொண்டு, அவனுக்காகக் காத்திருக்காமல் நீங்கள் கரைக்குப் போங்கள்.

எப்படியானாலும் கட்டைவிரல் மட்டும் போடாதீர்கள். போன தடவையும் அதைத்தான் போட்டோம். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் சிங்காரவேலு அண்ணனுக்கு ஃபோன் செய்யுங்கள். ஊருக்கு வந்திருப்பவர்கள் ஆளுக்கொரு கட்டு வைக்கோல் எடுத்துக்கொண்டு கரைக்கு வாருங்கள்.