மாற்றாள்

குளிர்கிடங்குக்குள் போனால் போன் செத்துவிடும். மனிதன் சாகக் கொஞ்ச காலம் பிடிக்கும். போனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால் எல்லோர் போனையும் கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவோம். உடம்பு சூடேறுவதற்கு ஆளுக்கு ஒரு முறை வெளியே வந்து நிற்கலாம். அப்படி நிற்கிறவன்தான் கூடைக்குக் காவல். யார் போன் அடித்தாலும் எடுத்து, "உள்ள இருக்காரு" என்று சொல்லி வைப்பான்.

இன்டர்வியூ போய்வந்த பிறகு அந்தக் கூடைதான் எனக்குச் சாமி.

அட்டைப்பெட்டி கம்பெனி ஒன்றில் வாசல் காவல் வேலை. கண்ணாடி போட்ட சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு பேன். பேனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வியர்க்கும் என்று பேன் மாட்டியிருக்கிறார்கள்! எனக்கு வியர்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. மேனேஜர் ஜன்னல் வழியாக ஒரு லாரியைக் காட்டி எண்ணைப் படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு கையைக் காட்டச் சொன்னார். வலது கையில் இரண்டு விரல் நுனி கருத்துப்போயிருந்தது.

"என்னய்யா இது?"

"ஐஸ் சார். அந்த வேலைய விட்டுட்டா சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் சொன்னேன். விடாவிட்டால் வெட்டவேண்டியதுதான் என்ற மீதியை முழுங்கிவிட்டேன்.

"சரி, போன் பண்றோம்," என்றார் மேனேஜர்.

கிடங்கில் விஷயம் பரவிவிட்டது. எங்கள் ஆட்களில் ஒருவனுக்கு ஊமையன் என்று பேர். வாயை மூடினதே கிடையாது, அதனால் வைத்த பேர். அவனுக்கு நான் தீனியாகிவிட்டேன்.

"வாட்ச்மேன் ஐயா, வாங்க. கதவத் தொறக்கவா, மூடவா?"

"போடா."

"இலவு காத்த கிளியக் கேள்விப்பட்டிருக்கேன். ஐஸ் காத்த கிளிய இப்பதான் பாக்கறேன்."

மீன் பெட்டிகளைத் தோளில் வைத்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தால் வாயிலிருந்து புகை வரும். அன்று கிடங்கே புகைந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுக்கு வர முடியவில்லை என்றால் வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ ஒரு மாற்றாளை அனுப்பிவிடுவான். மாற்றாள் அவன் பேரிலேயே வேலை செய்வான். சூப்பர்வைசர் முகம் பார்க்கமாட்டார், தலையைத்தான் எண்ணுவார். அப்படி எனக்கு மாற்றாளாக வந்தவன்தான் என் மச்சினன், மனைவியின் தம்பி. எனக்குக் காய்ச்சல் கண்டபோது வந்தான். காய்ச்சல் போய்விட்டது, அவன் போகவில்லை. நான்தான் சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனைச் சேர்த்துவிட்டேன்.

பெட்டி அடுக்கும்போது வரிசை முடியாமல் கதவைத் திறக்கக்கூடாது. திறந்தால் குளிர் ஓடிவிடும், சூப்பர்வைசர் நம் அப்பன் ஆத்தாளையெல்லாம் கூப்பிடுவார். ஆகவே மச்சினன் வெளியே நிற்கும் முறை வந்தபோது அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மாப்ளே, அந்தக் கம்பெனிலேர்ந்து போன் வந்தா உள்ள இருக்காருன்னு சொல்லி வச்சிடாதே. நானே பேசற மாதிரி பேசு. என்ன கேட்டாலும் சரி சரின்னு சொல்லு. முடியாதுங்கற வார்த்தை மட்டும் வாயில வரக்கூடாது."

"நான் பாத்துக்கறேன் மாமா. நீங்க உள்ள போங்க."

நான் வரிசையை முடித்து வெளியே வந்தபோது கூடை மட்டும் இருந்தது, அவன் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனான் என்றார் டீ விற்கிறவர். என் போனை எடுத்துப் பார்த்தேன். அதில் மிஸ்டு கால் ஒன்றும் இல்லை.

வீட்டில் அவனைக் காணோம். "வயித்து வலின்னு கூட்டாளி ரூமுல படுத்திருக்கான்," என்றாள் மனைவி. மறுநாளும் வலி, அதற்கு மறுநாளும் வலி. அவ்வளவு பெரிய வயிறா அவனுக்கு என்று யோசித்தேனே தவிர, வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. எனக்கு என் போன்தான் கவலை. ராத்திரி அதைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். கக்கூஸுக்கும் கொண்டு போனேன். தினமும் வாசலிலேயே "போன் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி கேட்பதை நிறுத்திவிட்டாள். நானாகப் பேச்சை எடுத்தால், "வரலைன்னா வரலை. எல்லாருக்கும் எல்லாமா கெடைக்குது?" என்று பாத்திரத்தைப் பார்த்துச் சொல்வாள்.

லீவு நாளில் நேரில் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். சட்டையை இஸ்திரி போட்டுக் கொடு என்றதற்கு, "எதுக்கு வெட்டி அலைச்சல்?" என்றாள். போட்டுக் கொடுக்கவில்லை. கசங்கிய சட்டையோடு போனேன்.

கண்ணாடி அறையில் பேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நீலச் சட்டை போட்டு என் மச்சினன் உட்கார்ந்திருந்தான்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வாசல் தடுப்புக் கம்பி வரைக்கும் வந்தான். கொஞ்சம் முகம் வெளுத்தது, அவ்வளவுதான்.

"மாமா, கம்பிக்கு அந்தப் பக்கமே நில்லுங்க. கேமரா இருக்கு."

"நீ இங்க என்னடா பண்றே?"

"நீங்கதானே எல்லாத்துக்கும் சரி சொல்லச் சொன்னீங்க? 'இப்பவே வேலைக்கு வர முடியுமா'ன்னாங்க. சரின்னேன்."

"கதவத் தட்டி என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"வரிசை முடியலியே மாமா. சூப்பர்வைசர் கத்துவாரு."

"அந்த மேனேஜர் என் மூஞ்சியப் பாத்திருக்காருடா! கண்ணு தெரியாதா அவருக்கு?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"கையக் காட்டுன்னாரு, காட்டினேன். 'பரவாயில்லையே, ஐஸ் அதுக்குள்ள கரைஞ்சிடுச்சே'ன்னாரு. மாமா, இங்க என்னை உங்க பேரச் சொல்லித்தான் கூப்பிடறாங்க. முதல்ல திரும்பவே மாட்டேன். இப்பப் பழகிடுச்சு."

அடிக்கக் கையை ஓங்கினேன். கம்பி குறுக்கே இருந்தது. அதற்குள் ஒரு லாரி வந்து ஹாரன் அடிக்க, மேனேஜர் வெளியே வந்தார்.

"யாருய்யா அது? என்ன தகராறு?"

"வேலை கேட்டு வந்திருக்காரு சார்," என்றான் மச்சினன்.

"சார், அன்னிக்கு லாரி நம்பர் படிச்சது நான் சார்," என்று கையை நீட்டினேன். "பாருங்க, இந்த விரல். என் பேர்ல இவன் உக்காந்திருக்கான் சார்."

அவர் என் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. புரியாமல் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"எனக்கு வாசல்ல ஒரு ஆள் வேணும், இருக்கான். பேர்ல என்னய்யா இருக்கு? உங்க குடும்பச் சண்டைய வீட்ல போய் வச்சுக்கோங்க." பிறகு மச்சினனிடம், "லாரிய விடு," என்றார்.

மச்சினன் என்னை ஓரம் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். லாரிக்காரனுக்குக் காட்டுவது போலவே காட்டினான். கம்பி மேலே போயிற்று. நான் ஒதுங்கினேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நிதானமாகத் திரும்பினாள்.

"எனக்குத் தெரியும். அன்னிக்கே சொன்னான். போடான்னு நான்தான் சொன்னேன்."

"நீயா?"

"அவனுக்குப் பொண்ணு பாக்கறாங்க. ஐஸ் தூக்கறவன்னா எவன் குடுப்பான்? உங்களுக்கென்ன, கல்யாணம் ஆயாச்சு. இனிமே உங்களை யாரு பாக்கப் போறா?"

"என் விரலு போயிடும்டி."

"பத்துல ரெண்டு போனா எட்டு. எட்டு விரலால சோறு திங்க முடியாதா?"

சொல்லிவிட்டுத் தட்டை வைத்தாள். நான் சாப்பிட்டேன். பசித்தது.

மறுநாள் கிடங்கில் சூப்பர்வைசர் தலை எண்ணினார். ஒன்று குறைந்தது.

"உன் மச்சினன் எங்க? இன்னும் வயித்து வலியா?"

"நின்னுட்டான் சார்."

"நீ கொண்டுவந்த ஆள்தானே? அவனுக்கு மாற்றாள் எங்க?"

"இல்ல சார்."

"அப்ப நீதான் மாற்றாள். அவன் பங்கையும் சேத்துத் தூக்கு. இன்னொரு தலை வர்ற வரைக்கும் உனக்கு வெளிய நிக்கற முறை கெடையாது."

ஊமையன் ஏதாவது சொல்வான் என்று அவனைப் பார்த்தேன். முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அதற்கு அவன் சிரித்தே இருக்கலாம்.

கையுறையை மாட்டினேன். அந்த இரண்டு விரலும் உள்ளே போயினவா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். போயிருந்தன. எனக்குப் பின்னால் கதவை மூடினார்கள்.