பத்தரை மணி நிழல்

1994 ஏப்ரல் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை, மந்தைவெளியில் ஒரு குறுக்குத் தெருவில் நிழல் விழுவது நின்றுபோனது. வெயில் வழக்கம்போல வந்தது. தூங்குமூஞ்சி மரமும் வழக்கம்போல நின்றது. அதன் அடியில் தரை மட்டும் நடுத்தெருவைப் போலவே சுட்டது. பால் வாங்கப் போனவர்கள் காலடியில் ஏதோ குறைவதாக உணர்ந்து செருப்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள். அன்று பாலும் நேரம் கழித்து வந்ததால், இரண்டில் பால் விஷயமே பெரிதாகப் பேசப்பட்டது.

காரணம் நாலாம் நம்பர் வீட்டுச் சுப்பராமன். அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கணினி விஞ்ஞானி. நிஜம்போலத் தோன்றும் படங்களைக் கணக்குப் போட்டே உண்டாக்குவது அவர் வேலை. பார்ப்பவன் கண்ணிலிருந்து திரையின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கோட்டை அனுப்பி, அது எதில் போய் முட்டுகிறது என்று கணினி பார்க்கும். முட்டிய இடத்திலிருந்து சூரியனை நோக்கி, நடுவில் எதுவும் மறைக்கிறதா என்று கேட்கும். மறைத்தால் நிழல், இல்லாவிட்டால் வெளிச்சம். கேட்கச் சுலபம்தான். ஆனால் கோடிக்கணக்கான தடவை கேட்க வேண்டும்.

படத்துக்குத் தன் தெருவையே எடுத்துக்கொண்டார். பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு, டேப்பும் நோட்டுமாக இறங்கி மரம், மின்கம்பம், கார்ப்பரேஷன் குழாய் என்று எல்லாவற்றையும் அளந்தார். வெளிநாட்டில் காட்டப்போகிற படம் என்று தெரிந்ததும் தெருவே பட்டுப்புடவையும் ஜரிகை வேஷ்டியுமாக வாசலில் வந்து நின்று, தங்களையும் அளக்கச் சொன்னது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் தம்மை இரண்டு தடவை அளக்கவைத்துக்கொண்டார். மரத்தடியில் இஸ்திரி போடும் ஜானகியின் வண்டியும் அளக்கப்பட்டது. கரிப்பெட்டியின் மூடியில் இருந்த சேவல் பொம்மை வரைக்கும் விடவில்லை. ஜானகியிடம் மட்டும், "சித்த தள்ளி நில்லும்மா, படத்துல வந்துடப்போறே" என்றார். அவள் தள்ளி நின்றாள்.

கணக்குக்கு இருபத்தாறு நாள் பிடிக்கும் என்றது கணினி. கருத்தரங்குக்குப் படம் அனுப்ப மூன்றே நாள் இருந்தது. நடுவில் எதுவும் சூரியனை மறைக்கிறதா என்ற கேள்வியையே சுப்பராமன் எடுத்துவிட்டார். இப்படிக் கேட்காமல் விட்டதற்குத்தான் பிறகு அவருக்குப் பாராட்டு வந்தது. படம் இரண்டு நாளில் முடிந்தது, திங்கட்கிழமை தெருவில் நிழல் இல்லை. கருத்தரங்குக்காரர்கள் இதைப் புதிய ஒளிர்முறை என்று மெச்சி, ஜூலையில் நேரில் வந்து பேச அழைத்தார்கள்.

வீடுகளுக்குள்ளே பழைய இருட்டு அப்படியே இருந்தது. அங்கே யாரும் டேப் பிடிக்கவில்லை. அதனால் தெருவுக்கு இது ஒரு குறையாகவே படவில்லை. மொட்டைமாடி வடாம் ஒரே நாளில் காய்கிறது என்று மூக்கில் விரலை வைத்தார்கள். இதை முன்னமே தாம் ஒரு கூட்டத்தில் சொன்னதாகச் செயலாளர் சொன்னார். வெளியிலிருந்து வந்துபோகிறவர்கள் தத்தம் நிழலோடு வந்துபோனார்கள். தெருவில் பொழுதெல்லாம் நிற்பவர்களில் ஜானகிக்கு மட்டும் நிழல் இருந்தது. அளக்கப்படாதவள் அவள் ஒருத்திதான். ஆனால் தன் நிழலில் தானே ஒதுங்க யாருக்கும் வழியில்லை.

அவள் வண்டிக்கு மேலே ஒரு தார்ப்பாய் கட்டினாள். புதிதாக வந்ததால் அதற்கு நிழல் விழுந்தது. தெருவின் லட்சணம் கெடுகிறது என்று சங்கம் அவிழ்க்கச் சொன்னது. மேலே கத்திரி வெயில், கையில் கரிப்பெட்டி. மே மாதம் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். அடுத்தடுத்த தெருக்களில் வேறு ஆட்கள் வண்டி போட்டிருந்தார்கள், இடம் விடமாட்டார்கள். பதினாறு வருஷம் நின்ற இடம் போனால் அவளுக்கு வேறு இடம் கிடையாது. நேரே நாலாம் நம்பருக்குப் போனாள்.

சுப்பராமன் பொறுமையாக விளக்கினார். "நிழல்ங்கறது ஒரு வஸ்துவே இல்லை, ஜானகி. வெளிச்சம் இல்லாத இடம், அவ்வளவுதான். இல்லாத ஒண்ணு எப்படிக் காணாமப் போகும்?"

"அந்த இல்லாததுக்கு அடியில தான் சார் பதினாறு வருசமா நின்னுகினு உன் சட்டைய தேச்சேன்" என்றாள் ஜானகி.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அவள் நிழலும் கூடவே போனது.

வெயிலுக்கு அசையாத தெரு, கசங்கிய சட்டைக்கு ஆடிப்போனது. எல்லா வீட்டிலும் மின்சார இஸ்திரிப்பெட்டி இருந்தது, மடிப்பு எடுக்கத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. செயலாளரின் ஜரிகை வேஷ்டியில் முக்கோணமாக ஓட்டை விழுந்தது. சங்கம் அவசரக் கூட்டம் போட்டு, ஜானகி குடியிருந்த ஆற்றோரத்துக்குத் தூதுக்குழுவை அனுப்பியது. ஆட்டோக்காரன் பாதி வழியில் இறக்கிவிட, மிச்சத்தைச் சேற்றில் நடந்தார்கள். ஜானகி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "மரத்துக்கு நெழலு வரட்டும், அப்பால வரேன்."

இருபத்தாறு நாள் கணினியைக் கொடுக்க முடியாது என்றார் சுப்பராமன். அவர் மனைவி ஹம்சா, கருத்தரங்குக்கு அவர் போட்டுக்கொண்டு போக வேண்டிய கோட்டு ஒன்றை எடுத்து முன்னால் போட்டாள். "ஏன்னா, இந்தக் கசங்கலோட போய் நின்னேள்னா எல்லாரும் கோட்டைத்தான் பார்ப்பா. உங்க படத்தை யார் பார்ப்பா?" மனசு இளகியோ வெட்கப்பட்டோ அல்ல, அந்தக் கோட்டுக்காகவே, மரம் ஒன்றுக்கு மட்டும் கேள்வியைத் திரும்பச் சேர்த்தார். கணக்கு நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மரத்தடியில் நிழல் விழுந்தது. ஜானகி வந்தாள்.

சூரியனை மட்டும் அளந்த நேரத்திலிருந்து மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. ஆகவே அந்த நிழல் எப்போதும் காலை பத்தரை மணி நிழல்தான். மத்தியானம் ஆனாலும், சாயங்காலம் ஆனாலும், மழை பெய்தாலும் அதே இடத்தில் கிடக்கும். முன்பெல்லாம் வெயில் நகர நகர வண்டியை நகர்த்திக்கொண்டிருந்த ஜானகிக்கு அந்த வேலை மிச்சம்.

சுப்பராமன் ஆகஸ்டில் பதக்கத்தோடு திரும்பினார். புதுப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். அதில் மர நிழலில் வண்டி இருக்கிறது, சேவல் பொம்மை இருக்கிறது, ஆள் இல்லை. அடுத்த சித்திரையில் ஒரு மத்தியானம் கையில் துணிமூட்டையோடு மரத்தடிக்கு வந்து, ஓர் ஓரமாக நிழலுக்குள் கால் வைத்தார்.

"சித்த தள்ளி நில்லு சார்" என்றாள் ஜானகி, தலை நிமிராமல். "கரி தெறிக்கும்."

தள்ளி நின்றார். தெருவில் இப்போது அதுதான் வழக்கம். துணி கொடுக்க வருகிறவர்கள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள், காலடியில் ஒன்றும் விழாமல்.