நாலா, அஞ்சா?

1986 மாசி மாதம். கூடுவாஞ்சேரியில் சிட்டிபாபு அண்ணனின் நிலத்தில் நான் பாறை தேடிக்கொண்டிருந்தேன். தோண்டி அல்ல, தட்டி. இரும்புத் தகட்டில் சம்மட்டியால் அடித்தால் அதிர்வு மண்ணுக்குள் இறங்கி, பாறை வழியே ஓடி, தூரத்தில் அதைப் பதிவுசெய்யும் என் பெட்டிக்கு வந்து சேரும். ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் ஏறியவனைவிட, சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் மின்சார ரயில் பிடித்தவன் தாம்பரத்துக்கு முன்னால் போய்விடுகிறான் இல்லையா, அதேபோல் பாறை வழி வரும் அலை மண் வழி அலையை முந்திவிடும். பூகம்ப அதிர்வை இப்படிக் கேட்டுத்தான் பூமியின் நடுக்கரு வரை அறிந்திருக்கிறார்கள். எனக்கு ஒரு பாறை அகப்பட்டால் போதும், ஆய்வேடு முடிந்துவிடும்.

பெட்டி இரவல். ஐந்து மணிக்குக் கல்லூரி ஜீப் வந்து எடுத்துப் போய்விடும். மிச்சம் அடிக்க வேண்டிய கடைசிப் புள்ளிதான், பெட்டியிலிருந்து நூறு மீட்டர் தள்ளி. சம்மட்டியின் ஐந்து அடி சேர்ந்தால்தான் பெட்டி கோடு வரையும். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் நான் பொத்தானை அழுத்த வேண்டும். அதுவரை சம்மட்டி அடித்த அண்ணன் பக்கத்தில் நின்று நானே எண்ணினேன். இப்போது அவர் எண்ணைக் கத்திவிட்டு அடிக்க வேண்டும்.

“லாபம்!” என்று கத்தி ஓங்கி ஒன்று போட்டார். நல்ல வார்த்தை சொல்லி ஒத்திகை பார்க்கிறார் என்று சும்மா இருந்தேன். அடுத்து “ரெண்டு” வந்தது. பதறி அழுத்தினேன். “அஞ்சு” என்று நிறுத்தியபோது பெட்டியில் நாலுதான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதாண்ணா?” என்று கத்தினேன்.

சம்மட்டியைப் போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“இன்னாம்மா சொல்ற? எங்க களத்துல நெல்லு அளக்கறதே நான்தான். ஒரு மரக்கா தப்பினது கெடையாது. தோ பாரு.” விரலை மடக்கினார். “லாபம், ரெண்டு, மூணு...”

“லாபம்னா ஒண்ணாண்ணா?”

“பின்ன? மொதல் மரக்கால எவனாச்சும் ஒண்ணும்பானா?”

ரேஷன் அரிசி வாங்கி வளர்ந்த எனக்கு இது எப்படித் தெரியும்? வெட்கமாகிவிட்டது. “மன்னிச்சுக்கோங்கண்ணா. இன்னும் ஒரே ஒரு அடி.”

மணி நாலு ஐம்பது. முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போய், “லாபம்!” என்றார். அழுத்தினேன்.

கோடு ஓடியது. மண் வழி அலைக்கு வெகு முன்னாலேயே ஒரு குட்டி மேடு எழுந்து நின்றது. சந்தோஷம் தாங்காமல் வீறிட்டுவிட்டேன்.

அவர் சம்மட்டியோடு ஓடி வந்தார். “இன்னாம்மா, மிசினு பூட்ச்சா?”

“இல்லண்ணா, பாறை வந்துடுச்சு!”

அண்ணன் நிலம் முழுக்க ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“எங்க?”