இரண்டாம் ஓலை

“இருபத்திமூணு ஆம்பிளைய! பனிக்குள்ள, ஒரே கெட்டிடத்துல, ஒரு வருசம்! இத மறச்சியளா இல்லியா, அதச் சொல்லுங்க!”

மாப்பிள்ளையின் அம்மா குளோரி கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தியது மார்த்தாண்டம் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். வங்கி அதிகாரியான மாப்பிள்ளை தேவகுமார் ஏசி போட்ட காருக்குள் இருந்தபடி, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“மறைக்கேல்ல குளோரி. கோவாவுல சென்ட்ரல் கவர்மெண்ட் வேலைன்னு சொன்னேன்லா,” என்றாள் நேசம்மாள்.

பொய்யில்லை. துருவ ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனம் கோவாவில்தான் இருக்கிறது; மகள் அஜிஷா அங்கேதான் வேலை பார்க்கிறாள். நவம்பரில் அவளை அண்டார்டிகாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்பதை மட்டும் நேசம்மாள் விழுங்கிவிட்டாள். அக்டோபரில் கலியாணம் முடியட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைப்பு. அஜிஷா தேவகுமாரிடம் எல்லாம் சொல்லித்தான் இருந்தாள். அவனும் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லத்தான் இருந்தான். அதற்குள், இமயமலைப் பயிற்சியில் அவள் பனியில் நிற்கும் படம் சபை வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. போட்டது யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

கோயிலில் கலியாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது அறிவிப்பு. அன்றைக்குள் அண்டார்டிகாவுக்குப் போகவில்லை என்று அஜிஷா கோவாவுக்கு எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் கலியாணமே இல்லை என்று சொல்லிவிட்டுக் குளோரி காரேறினாள்.

நேசம்மாள் மூன்று நாள் அழுதாள். ஆண்துணை இல்லாத வீடு, முப்பதைத் தொட்ட பெண். நான்காம் நாள் அஜிஷா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். குடும்பக் காரணங்களால் இந்த முறை பயணத்திலிருந்து விலகுகிறேன் என்று இருந்தது.

“ஞாயிறு கோயில் முடிஞ்சதும் அனுப்புறேன். போதுமா?”

நேசம்மாளுக்கு மூச்சு வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அஜிஷா அலமாரியைத் திறந்து நின்றுகொண்டு, “அம்மா, நாளைக்கு எந்த சேலை உடுக்கணும்னு மாப்பிள்ளை வீட்டுல கேட்டுச் சொல்லுங்க,” என்றாள்.

கிண்டல் இல்லை, கோபம் இல்லை. ரேஷன் கடையில் நம்பர் கேட்பதுபோலக் கேட்டாள். மூன்று வயதிலிருந்து எதற்கெடுத்தாலும் மல்லுக்கட்டின பெண். இந்தக் குரலை நேசம்மாள் அதற்கு முன் கேட்டதில்லை. குழம்பு அன்றைக்கு அவளுக்கு இறங்கவில்லை.

மறுநாள் போதகர் பெயர்களை வாசித்து, தடையுண்டென்றால் இப்போதே சொல்லலாம் என்றார். அதற்கு யாரும் எழுந்து அந்தச் சபை பார்த்ததில்லை. எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கியிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது.

“தடை இருக்கு ஐயா.”

போதகர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “நீங்க பெண்ணுக்க அம்மயல்லா?”

“ஆமா. எனக்க மோளுக்கு வேலை கெடக்கு. அவ போணும்.”

நேசம்மாள் உட்கார்ந்தாள். அஜிஷா அவள் கையைப் பிடிக்கவில்லை; வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று பின்வரிசையில் இன்னும் பேச்சுத் தீரவில்லை.

தேவகுமாருக்குத் தை மாதம் கருங்கல்லில் ஒரு டீச்சரோடு கலியாணமாகி, கோயம்புத்தூருக்கு மாற்றலாயிற்று. குளோரியும் கூடவே போனாள். அஜிஷா நவம்பரிலேயே போயிருந்தாள்.

ஜூலையில் ஒரு மத்தியானம் போன் வந்தது. அங்கே இரண்டு மாதமாக இருட்டு.

“அம்மா, இன்னைக்கு சூரியன் வந்துச்சு. கொஞ்ச நேரந்தான். எல்லாரும் வெளிய ஓடிப்போயி நின்னோம்.”

நேசம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். சிமெண்ட் தரை வெறுங்காலைச் சுட்டது. நகராமல், முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.