நூர்மோவிலிருந்து 186 கிலோமீட்டர்

நூர்மோவிலிருந்து ஸ்காவிக்குக்கு விமானத்தில் 186 கிலோமீட்டர். பயண நேரம் நாற்பத்தொரு நிமிடம். வடகோடியில் உள்ள இந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே பறக்கிற விமானம், பயணி விடைபெறும்போது சொல்கிற சொல்லைக் கேட்டு அதன்படி நடக்கும். ஸ்காவிக்கில் தூரத்தையும் நேரத்தையும் பலகையில் எழுதுவது என் வேலை. இங்கே நான் ஒருவன்தான்.

என் மனைவி அழகம்மை நூர்மோ மருத்துவமனையில் நர்ஸ். பதினோரு மாதமாகச் சனிக்கிழமைதோறும் என்னைப் பார்க்கக் கிளம்புகிறாள். இன்னும் வந்து சேரவில்லை. கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் பழக்கதோஷத்தில் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிடுவாள். விமானம் ஸ்காவிக் ஓடுதளத்துக்கு மேலே வரை வந்து, இறங்காமல் நூர்மோவுக்கே திரும்பிவிடும். ஜன்னலில் அவள் கை அசைவது தெரியும். நானும் கையசைத்துவிட்டு, பயண நேரம் எண்பத்திரண்டு நிமிடம் என்று திருத்தி எழுதுவேன். இரண்டு பேருக்குச் சமைத்ததை ஞாயிற்றுக்கிழமையும் நானே சாப்பிடுவேன்.

ஒரு வாரம் வெறும் "வரேன்" என்று சொல்லிப் பார்க்கச் சொன்னேன். நூர்மோவில் நின்றுகொண்டு வருவதாகச் சொன்னதால், அவள் வந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு விமானம் அசையவே இல்லை. தூரம் பூஜ்யம் என்று எழுதினேன்.

அன்று ரேடியோவில் பேசினோம்.

"அப்ப 'போறேன்'னுதான் சொல்லணும் அழகு."

"அதை எப்படிங்க வாயால சொல்றது? எங்கம்மா காதுல விழுந்தா செருப்பு பிஞ்சிரும்."

"உங்கம்மா காரைக்குடியில இருக்காங்க."

"உங்களுக்கு ஏதும் ஆயிருமோன்னு பயமா இருக்குங்க" என்றாள். எனக்குப் பதினோரு மாதமாக எதுவுமே ஆகவில்லை என்று சொன்னேன். இனிமேல் தனியாக இருக்க முடியாது என்றும் சொன்னேன். அதற்குமுன் அதைச் சொன்னதில்லை.

இந்தச் சனிக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு "போறேன்" என்று சொல்லியிருக்கிறாள். நாற்பத்தொன்றாவது நிமிடம் விமானம் வந்தது. ஜன்னலில் இரண்டு கைகளும் தெரிந்தன. படிக்கட்டைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். விமானம் திரும்பவில்லை, இறங்கவும் இல்லை. போவதாகச் சொன்னாளே தவிர, எதுவரை என்று சொல்லவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்துபோய்ப் பலகையில் தூரத்தை 300 என்று மாற்றினேன். எழுதி முடிப்பதற்குள் 310 ஆகியிருந்தது.

மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

"உங்ககிட்ட இருக்கிறது என்ன தளம்?"

"ஓடுதளம் சார்."

"அப்புறம் ஏன் சும்மா கெடக்குது?"

நியாயமான கேள்விதான். அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஓடுதளத்தின் முனையில் நின்றேன். ஓடுதளம் என்னைச் சுமந்துகொண்டு விமானம் போன பக்கமாக முதலில் நடந்தது, பிறகு ஓடியது. விமானத்தின் வேகம் மணிக்கு 272 கிலோமீட்டர். எங்களுடையது ஒன்பது.

ரேடியோவில் அழகம்மையிடம் சொன்னேன்.

"பாவம், அதுக்கு மூச்சு வாங்கும். மெதுவாவே வாங்க" என்றாள்.

எதிரே கடல் வந்தது. ஓடுதளம் ஒரு நிமிடம் நின்றது. பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடிப்பதுபோல் இரண்டு ஓரங்களையும் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது.