மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஏணியின் நான்காம் படியில் நின்று அவள் காந்தத்துக்குள் இறக்கிய ஹீலியம் குழாய், வழக்கமாகப் போகும் ஆழத்துக்கு ஒரு சாண் முன்பே நின்றுவிட்டது. மெல்லத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை.

ஆய்வகத்தின் அந்தக் காந்தம் ஆளை விட உயரமான எஃகு உருளை. மூலக்கூறுகளின் உள்விவரத்தைச் சொல்லும் கருவிக்கு உயிரே அதுதான். அதன் வயிற்றில் திரவ ஹீலியம் எந்நேரமும் இருக்க வேண்டும். வற்றினால் பதினான்கு வருடக் குளிர் சில நிமிடங்களில் வெண்புகையாகக் கூரைக்குப் போய்விடும். காந்தம் அதற்குப் பிறகு எழுந்தால் அதன் அதிர்ஷ்டம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஹீலியம் ஊற்றுவது அவளும் கணவரும் சேர்ந்து செய்துவந்த வேலை. மாணவர்கள் காந்தத்தை இவர்களுடைய மூத்த பிள்ளை என்பார்கள். ஆறு வாரத்துக்கு ஒரே ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வாயைத் திறக்காத பிள்ளை வேறு யாருக்கு இருக்கிறது என்று அவரும் பெருமையடித்துக்கொள்வார்.

இரண்டு மாதத்துக்கு முன்பு அவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். காந்தத்துக்கு அருகே போனால் அது தடுமாறிவிடும். அதனால் தரையில் காந்தத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டை அவர் தாண்டக் கூடாது. வெளியாட்களைத் தடுக்க அந்தக் கோட்டைப் போட்டவரே அவர்தான். இப்போது அதற்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி ஒவ்வொன்றுக்கும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு?"

"குழாய் எறங்கலங்க. ஐஸ் அடைச்சிருக்கு."

"காத்து உள்ள போனாத்தானே ஐஸ் கட்டும்? எப்படிப் போச்சு?"

அவள் கருவித் தட்டைப் பார்த்தாள். கட்டைவிரல் அளவு பித்தளை வால்வு அங்கே கிடந்தது. ஆவியை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாமல் தடுப்பது அது. போன முறை ஊற்றி முடித்ததும் மாட்டியிருக்க வேண்டும். அதுதான் அவள் தனியாகச் செய்த முதல் முறை. செய்முறை நோட்டில் இருந்த இருபத்திரண்டு வேலைகளையும் ஒவ்வொன்றாக டிக் அடித்துத்தான் செய்தாள். வால்வு மட்டும் நோட்டில் இல்லை. அவள் காலியான ஹீலியம் பாத்திரத்தை வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது அவர் சீட்டியடித்தபடி அதை மாட்டிவிடுவார். இத்தனை வருடத்தில் அதை எழுத வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

"வால்வு மாட்டலங்க. ஆறு வாரமா தட்டுலயே கெடக்கு. என் தப்புதான்."

"நோட்டுல எழுதாம விட்டது யாரு? தப்புல பாதி என்னோடது" என்றார்.

அடைப்பு முழுதாக மூடவில்லை, ஓரமாக ஆவி இன்னும் சீறிக்கொண்டிருந்தது. அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் ஹீலியம் அளவைக் காட்டும் மீட்டர் அபாய அளவைத் தொட்டிருந்தது. இன்றைக்கே ஊற்றியாக வேண்டும். மெல்லிய செப்புக்குழாய் வழியாக அறை வெப்பத்தில் உள்ள ஹீலியம் வாயுவை விட்டு ஐஸைக் கரைப்பதுதான் வழி. அவசரப்பட்டால் சூடு கீழே இறங்கிக் காந்தத்தையே முடித்துவிடும். வாயு சிலிண்டர் நல்லவேளையாகக் கோட்டுக்கு வெளியே இருந்தது. அவர் எழுந்து போய் அதன் திருகைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் விடுங்க. போதும், மூடுங்க."

இப்படியே முக்கால் மணி நேரம் போனது. விரற்கடை விரற்கடையாகக் குழாய் இறங்கியது. தூக்கியே வைத்திருந்த கை மரத்துப்போய், ஏணியில் அவள் ஒருமுறை தடுமாறினாள். அவர் சிலிண்டரை விட்டுவிட்டு ஓடிவந்தார். ஒரு கால் மஞ்சள் கோட்டின் மேல் இருந்தது.

"கால எடுங்க. காந்தம் போனா வேற வாங்குவாங்க. உங்களுக்கு ஸ்பேர் கெடையாது."

அவர் காலை எடுத்தார். முகம் மட்டும் கோட்டைத் தாண்டியே நின்றது.

அடுத்த முறை வாயுவை விட்டபோது குழாய் வெண்ணெயில் இறங்குவதுபோல் சட்டென்று இறங்கியது. காந்தத்தின் வாயிலிருந்து வெண்புகை ஒரே சீராகப் பொங்கியது. அவள் ஏணிப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். அவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. "மூத்தவனுக்கு மலச்சிக்கல் தீந்துச்சு" என்றார். "கருமம்" என்றாள் அவள். அந்தக் காலையில் அவருடைய அந்தக் கேலியைவிட இனிமையாக எதையும் அவள் கேட்கவில்லை.

மதியத்துக்குள் மீட்டர் முழு அளவுக்கு ஏறியது. பிறகு வால்வை எடுத்துத் துடைத்து, வாயில் பொருத்தித் திருகத் தொடங்கினாள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கேட்கத் திரும்பியவள் கேட்கவில்லை. கோட்டுக்கு வெளியே அவருடைய வலது கை வெறும் காற்றில் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவருக்கே அது தெரியவில்லை. அந்தக் கை நிற்கும்வரை அவள் திருகினாள்.