மூலைச் சட்டி

எங்கள் ராணி கெட்டவளாக இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. எட்டு எபிசோடாகக் காரணமே இல்லாமல் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தாள். பார்க்கிறவர்கள் கமெண்டில் பிடித்துக்கொண்டார்கள். "இந்தம்மா எதுக்குய்யா எல்லாருக்கும் சும்மா சும்மா சூனியம் வைக்குது?" என்று ஒருத்தர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். கதை எழுதிய எனக்கே பதில் தெரியாது.

என் பெயர் சூரியபிரகாஷ். சமயநல்லூரில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் 'கருங்கோட்டை' என்று யூடியூபில் ஒரு மாயாஜாலத் தொடர் எடுக்கிறோம். அதில் ராணி அங்காரவல்லியாக நடிப்பவர் முனியாயி அக்கா. வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு சின்ன ஊர்க்காரர், நார் மில்லில் வேலை. நடிப்பெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் கிரீடத்தை வைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தாரென்றால் எதிரே நிற்கிறவனுக்கு வசனம் மறந்துபோகும்.

"இம்புட்டுக் கோவம் உங்களுக்கு எங்கேருந்துக்கா வருது?" என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன்.

அவர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் பொங்கலுக்கு முளைப்பாரி போட்டிருக்கிறார்கள். பெண்கள் விரதமிருந்து ஆளுக்கொரு சட்டியில் பயறு விதைப்பார்கள். எல்லாச் சட்டிகளையும் வெளிச்சம் படாமல் ஒரே வீட்டுக்குள் வைத்து வளர்த்து, ஒன்பதாம் நாள் தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். முளை செழித்திருந்தால் விரதம் சுத்தம். அழுகியிருந்தால் அந்தப் பெண்ணிடம் ஏதோ கோளாறு. அந்த வருஷம் முனியாயி அக்காவின் சட்டி மட்டும் அழுகியிருந்தது.

முளைப்பாரி வீட்டுச் சாவி சோணையம்மாள் கையில்தான் எப்போதும் இருக்கும். தண்ணீர் தெளிப்பதும் அவர்தான். ஊரே திரண்டு நிற்க, அவர் மைக்கை வாங்கிச் சொல்லியிருக்கிறார்: "முனியாயி சட்டி வெளிய வரப்படாது. விரதத்துல சுத்தமில்லாம இருந்துருக்கா."

முனியாயி அக்காவின் புருஷன் அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தார். புருஷன் ஊரில் இல்லாதபோது சுத்தமில்லை என்றால் ஊர் என்ன நினைக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. புருஷனும் அதையேதான் நினைத்தார். அதற்குப் பிறகு திருப்பூரிலிருந்து போன்கூட வரவில்லை.

"நான் விரதத்த முறிக்கல தம்பி," என்றார் அக்கா. "எம்மேல தப்பில்லன்னு ஒருத்தராச்சும் அதே மைக்ல சொல்லணும். எனக்கு அம்புட்டுத்தான் வேணும்."

கேட்டதும் எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒன்பதாவது எபிசோடு. சின்ன வயதில் முளைப்பாரி ஊர்வலத்தில் அவமானப்பட்ட அங்காரவல்லி, ராணியானபின் அதே ஊருக்குத் திரும்பி வந்து ஒரு பெண்ணின் சட்டியைக் காலால் உதைத்து உடைக்கிறாள். அன்றைக்கே எழுதி முடித்தேன். அந்த ஊரிலேயே எடுப்போம் என்றதற்கு அக்கா உடனே தலையாட்டினார்.

சோணையம்மாளிடம் போய்க் கேட்டோம். அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெளையாட்டுக்கு மொளப்பாரி போடப்படாது தம்பி. பொம்பளைக வெரதமிருந்து முறையாப் போட்டாத்தான் வீட்டத் தொறப்பேன்."

நான் சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். காசில்லாமல் நிஜ முளைப்பாரி கிடைக்கிறதே என்ற அல்ப ஆசை. இருபத்தொரு பெண்கள் யூடியூப் நாடகத்துக்காக உண்மையாகவே விரதமிருந்தார்கள். அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

இடையில் இரண்டு நாள் மழை. ஒன்பதாம் நாள் கதவைத் திறந்தால் இருபது சட்டிகள் ஒரு முழ உயரத்துக்குச் செழித்து நிற்கின்றன, ஒன்று மட்டும் அழுகிக் கிடக்கிறது. சட்டியில் சுண்ணாம்பால் பெயர் எழுதியிருந்தது. சத்யப்ரியா. சோணையம்மாளின் மருமகள். கல்யாணமாகி எட்டு மாதம், புருஷன் வடக்கே லாரி ஓட்டுகிறான்.

கேமரா பேட்டரி மாற்றுவதற்காக நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். சோணையம்மாள் முனியாயி அக்காவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். கடைசி மூலையில் ஓட்டுக்கு அடியிலிருந்து மழைத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் பாத்தேன் ஆத்தா. அன்னைக்கு ஓஞ்சட்டியும் இந்த மூலையிலதான் இருந்துச்சு. தண்ணி எறங்கி அழுகிருக்கு. தெரியாமப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

முனியாயி அக்கா ஈரச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். ராணியின் கறுப்புப் பட்டும் நகையும் போட்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"இத மைக்ல சொல்லுங்க மதினி," என்றார்.

"அதெப்படி? இம்புட்டு வருஷம் தண்ணி தெளிச்ச எனக்குக் கூரை ஒழுகுறது தெரியலைன்னா ஊரு காறித் துப்பாதா? நமக்குள்ள இருக்கட்டும். எம்மருமகளுக்கு வேற சட்டியக் குடுத்துச் சமாளிச்சுருவோம்."

அக்கா வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னார்: "தம்பி, அழுகின சட்டியையே அந்தப் புள்ள கையில குடுங்க. பாக்க நல்லாருக்கும்." நல்லாத்தான் இருக்கும் என்று எனக்கும் பட்டது.

ஷாட் எடுத்தோம். தெருவின் இரண்டு பக்கமும் ஊரே நின்றது. கதைக்கு அழுகின சட்டிதான் வேண்டும் என்று நான் சொன்னதை நம்பி சத்யப்ரியா அதோடு நின்றாள், கேமராவைப் பார்த்து வெட்கச் சிரிப்பு வேறு. ராணி வந்து சட்டியை உதைக்க வேண்டும், அவ்வளவுதான். முனியாயி அக்கா உதைக்கவில்லை. சட்டியைக் கையில் வாங்கினார். சுண்ணாம்பு எழுத்து எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். நான் எழுதிய செந்தமிழ் வசனம் போன இடம் தெரியவில்லை.

"சத்யப்ரியா சட்டி வெளிய வரப்படாது. விரதத்துல சுத்தமில்லாம இருந்துருக்கா."

ஊர் அந்த வார்த்தைகளை ஏற்கெனவே கேட்டிருக்கிறது. சத்யப்ரியாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்று, மெதுவாகக் கலைந்தது. நான் கட் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அவள் முகத்துக்கு ஜூம் போனேன்.

பிறகு முணுமுணுப்பு ஆரம்பித்தது. புருஷன் ஊரில் இல்லையே என்று ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சோணையம்மாள் ஓடிவந்து, கூட்டத்தை ஒழுங்குபடுத்த நான் வைத்திருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"கூரை ஒழுகித்தான் அழுகிப்போச்சு. எம்மருமக மேல தப்பில்ல. அன்னைக்கு முனியாயி மேலயும் தப்பில்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அக்கா ஆறு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை ஸ்பீக்கரில் தெருமுனை வரை கேட்டது. ஆனால் நம்பத்தான் ஆளில்லை.

"மருமகன்னதும் கூரை ஒழுகுதாக்கும்?" என்றார் விழாக் கமிட்டி உக்கிரபாண்டி. கூட்டம் சிரித்தது.

"காலையிலயே முனியாயிட்டச் சொன்னேன், அவளையே கேளுங்க," என்று சோணையம்மாள் மைக்கை அக்காவிடம் நீட்டினார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் இரண்டு பேர் மேலிருந்த பழியும் போய்விடும். அக்கா சோணையம்மாளைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார்.

"எங்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலையே," என்றார்.

சொல்லிவிட்டு மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தார். அந்தச் சொல்லுக்குத் தன் பெயரையும் சேர்த்துத்தான் அவர் பலி கொடுத்திருந்தார்.

சத்யப்ரியா என்னிடம் வந்தாள். "அண்ணே, நீங்க அந்த வீட்டுக்குள்ளருந்துதான வந்தீக? அத்தை சொன்னது ஒங்க காதுல விழுந்துச்சுல்ல?"

ஊரே என் வாயைப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் முனியாயி அக்கா இனி நடிக்க வரமாட்டார். இன்னும் மூன்று எபிசோடு பாக்கி இருந்தது. மைக் என் கையில்தான் இருந்தது. "பேக்கப்" என்றேன்.

சத்யப்ரியா இப்போது திருவாதவூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். கூப்பிட யாரும் போகவில்லை என்று கேள்வி. ஒன்பதாவது எபிசோடு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் ஓடியது. ராணி ஏன் இப்படி இருக்கிறாள் என்று இப்போது ஒருவரும் கேட்பதில்லை. "சட்டி வச்சிருந்த பொண்ணு யாருங்க, நிஜமாவே அழுத மாதிரி நடிச்சிருக்கு," என்று ஒருத்தர் எழுதியிருந்தார். பழக்க தோஷத்தில் அதற்கு ஒரு ஹார்ட் போட்டேன். இன்னும் எடுக்கவில்லை.